வெசெலாகோ: பெயருக்குள் உறைந்துபோன ஆறாம் வேற்றுமை

தண்ணீரில் பாதி அமிழ்ந்த குச்சி முறிந்தது போலத் தெரியும். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி வளைவதுதான் காரணம். அது வழக்கமாக வளையும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் வளைந்தால் என்னென்ன நடக்கும் என்று 1967இல் ஒரு சோவியத் இயற்பியலர் கணக்குப் போட்டு எழுதினார். அப்படி ஒரு பொருள் அன்று உலகில் எங்குமே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, செம்புக் கம்பிகளையும் வளையங்களையும் அடுக்கிச் செயற்கையாகச் செய்த பொருளில் நுண்ணலைகள் அவர் சொன்னபடியே வளைந்தன. மெட்டாமெட்டீரியல் என்ற துறை சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். அவர் பெயர் விக்தர் வெசெலாகோ (1929–2018).

ஒளி இருக்கட்டும். எனக்கு அவர் பெயரின் மேல்தான் கண். ரஷ்யப் பெயர் என்றால் ஒவ், இன், ஸ்கி என்று முடிய வேண்டாமா? வெசெலாகோ என்றால் இத்தாலிக்காரர் போல அல்லவா கேட்கிறது! ஆனால் வேர் சுத்தமான ஸ்லாவியம், அதாவது ரஷ்யம் சேர்ந்த மொழிக் குடும்பம். 'வெசோலி' என்றால் மகிழ்ச்சியான, கலகலப்பான என்று பொருள். வால்தான் விசித்திரமானது. அது ஒரு வேற்றுமை உருபு. வெசெலாகோ என்பதற்கு 'கலகலப்புக்காரன்' என்று பொருள் சொன்னால் பாதிதான் சரி. 'கலகலப்புக்காரனுடைய' என்பதே முழுப்பொருள். யாருடைய, எது என்பது சொல்லப்படாமல், உடைமை உருபோடு வாக்கியம் அறுந்து நிற்கிறது. அறுந்த துண்டே குடும்பப் பெயராகிவிட்டது.

இது எப்படி நடந்தது என்று பார்க்க, முதலில் ஊரறிந்த ரஷ்யப் பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும். விஸ்வநாதன் ஆனந்தோடு மோதிய கார்ப்போவை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ப் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த ஒரு ஞானஸ்நானப் பெயர். கார்ப்போவ் என்றால் 'கார்ப்பின் பிள்ளை'. ஆண்பெயர் 'அ' ஒலியில் முடிந்தால் ஒவ் சேராது, இன் சேரும்: நிகீத்தா, நிகீத்தின். 15ஆம் நூற்றாண்டில் ட்வேர் நகரிலிருந்து கிளம்பி, கடல்களைக் கடந்து பாமினி சுல்தானியத்தின் பீதருக்கு வந்து சேர்ந்த வணிகர் அஃபனாசி நிகீத்தினை வரலாற்றுப் பாடத்தில் பார்த்திருப்போம். அவர் காலத்தில் நிகீத்தின் என்பது குடும்பப் பெயரே அல்ல. நிகீத்தாவின் மகன் என்ற அடையாளம், அவ்வளவுதான். மகனுக்குப் பிறக்கும் பேரன் வேறு பெயர் சொல்வான். அது ஒரு தலைமுறையோடு மாறாமல் நின்று, பேரன் கொள்ளுப்பேரன் வரை ஒட்டிக்கொண்டபோதுதான் குடும்பப் பெயரானது.

சிக்கல் எங்கே என்றால், எல்லோரையும் ஊர் ஞானஸ்நானப் பெயரால் கூப்பிடவில்லை. பட்டப்பெயர் வைத்தது. நெட்டையன், கறுப்பன், ஒல்லியன், கெட்டவன். இந்தப் பட்டங்களில் பல, ரஷ்ய மொழியில் பெயரடைகள். கார்ப் என்ற பெயர்ச்சொல்லோடு ஒவ் தானாகப் போய் ஒட்டும். முழு வடிவப் பெயரடையோடு ஒட்டாது. அப்படியானால் 'நெட்டையனின் மகன்' என்று எப்படித்தான் சொல்வது?

நான்கு வழிகள் கிடைத்தன. நான்கையும் ஒரே சொல்லில் காட்டிவிடலாம், அதுவும் நமக்கு மிகவும் பழகிய சொல்லில். நம் விமானப்படையின் சுகோய் போர்விமானம் அதை வடிவமைத்த நிறுவனத்தின் பெயரைத் தாங்குகிறது. அந்த நிறுவனம் பாவெல் சுகோய் (1895–1975) என்ற வடிவமைப்பாளரின் பெயரை. ரஷ்ய மொழியில் 'சுகோய்' என்றால் உலர்ந்த, வற்றலான. எந்தக் காலத்திலோ எந்த ஊரிலோ இருந்த ஒரு ஒல்லியனுக்கு விழுந்த பட்டமாக இருக்க வேண்டும். பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டால் சுகோய். பெயரடையைக் குறுக்கி ஒவ் சேர்த்தால் சுகோவ். 'வற்றலன் வீட்டாருடைய' என்று பன்மை உடைமையில் சொன்னால் சுகீஹ். 'வற்றலனுடைய' என்று ஒருமை உடைமையில் சொன்னால் சுகவோ. 19ஆம் நூற்றாண்டு நாடக ஆசிரியர் அலெக்சாந்தர் சுகவோ-கபீலின் (1817–1903) பெயரின் முன்பாதி அதுதான்.

மூன்றாம் வழியில் வந்த பெயர்கள் இன்றும் நிறையவே உண்டு: செர்னீஹ், பெலீஹ், டோல்கிஹ், செதீஹ். வரோனெஷ், கூர்ஸ்க் பக்கத்துக் கரிசல் மண்ணிலும், யூரல் மலையைத் தாண்டி சைபீரியாவிலும் இவை அடர்த்தி. முன்பின் தெரியாத பையனைப் பார்த்து 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பார்கள் அல்லவா, ரஷ்யக் கிராமத்திலும் அதே கேள்விதான். பன்மை உடைமையில் கேட்பார்கள், பதிலும் பன்மை உடைமையில் வரும். "செதீஹ்", அதாவது 'நரைத்தலையர் வீட்டு'. சுத்தியல் எறிதலில் 1986இல் ஷ்டுட்கார்ட் மைதானத்தில் 86.74 மீட்டர் எறிந்து, இன்றுவரை யாரும் முறியடிக்காத உலக சாதனை வைத்திருக்கும் யூரி செதீஹின் பெயர் அப்படி வந்த பெயர்தான்.

நான்காம் வழி முட்டுச்சந்து. அதில் போனவர்கள் குறைவு, மிஞ்சியவர்கள் இன்னும் குறைவு. வெசெலாகோ, ஷிவாகோ ('உயிருள்ளவனுடைய'), துர்னவோ ('கெட்டவனுடைய' அல்லது 'அசடனுடைய'), ஹித்ரவோ ('தந்திரக்காரனுடைய')... இந்தப் பட்டியலை வெகுதூரம் நீட்ட முடியாது.

இங்கே கவனமாகப் படிப்பவர் ஒரு கேள்வி கேட்பார். ஒரே உருபு என்றால் ஏன் சிலருக்கு ஆகோ, சிலருக்கு அவோ? நான் இந்த விஷயத்தில் விழுந்ததே இந்தக் கேள்வியால்தான்.

பழைய ஸ்லாவிய மொழியில் இந்த உருபில் இருந்தது 'க்' ஒலி. தேவாலய வழிபாட்டு மொழி அதை அப்படியே காப்பாற்றி வைத்துக்கொண்டது. 'உயிருள்ள தேவனுடைய குமாரன்' என்ற சுவிசேஷ வரியில் 'உயிருள்ள' என்பது தேவாலய மொழியில் இன்றும் 'ஷிவாகோ' என்றே ஒலிக்கும். வழிபாட்டுக்குப் போன எந்த ரஷ்யருக்கும் பழகிய சொல் அது. (உலகப் புகழ்பெற்ற 'டாக்டர் ஷிவாகோ' நாவலின் நாயகனான மருத்துவருக்கும் இதே பெயர் என்பது வாசகர்களுக்கு நினைவு வந்திருக்கும். பெயர் கற்பனையல்ல. மாஸ்கோவில் ஷிவாகோ என்ற வணிகக் குடும்பம் இருந்தது. அலெக்சாந்தர் ஷிவாகோ என்று எகிப்தியத் தொல்பொருளில் பித்துக்கொண்ட நிஜ மருத்துவரும் இருந்தார்.)

தெருவில் பேசிய மொழி வேறு வழியில் போனது. மாஸ்கோ வட்டாரப் பேச்சில் உருபின் நடுவிலிருந்த 'க்' தேய்ந்து, கடைசியில் 'வ்' ஆகிவிட்டது. 15ஆம் நூற்றாண்டிலிருந்தே மாஸ்கோ எழுத்தர்கள் காதில் விழுந்தபடி 'வ்' போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பேனா பிடித்தவர் அரசு அலுவலக எழுத்தரானால் துர்னவோ. ஏட்டு மரபில் ஊறியவரானால் வெசெலாகோ. உருபு ஒன்றுதான். ஒன்றை எழுதியது காது, மற்றதை எழுதியது படிப்பு.

பிறகு பொதுவான எழுத்துமுறையில் ஏட்டு மரபு வென்றது. இன்றும் ரஷ்ய மொழியில் இந்த உருபை 'க்' போட்டு எழுதிவிட்டு 'வ்' என்று வாசிப்பார்கள். ரஷ்யம் கற்கும் எவரும் முதல் மாதத்தில் இடறி விழும் பள்ளம் இது. 1918இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது 'ஆகோ' என்ற பழைய எழுத்தும் 'ஓகோ' என்று மாற்றப்பட்டது. சாதாரணச் சொற்களில்தான். ஆள் பெயரில் கை வைக்கவில்லை. அதனால் வெசெலாகோவில் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்தும், துர்னவோவில் மாஸ்கோ எழுத்தரின் காதும் அப்படியே தங்கிவிட்டன.

துர்னவோ என்ற பெயருக்கு இன்னும் சில கதைகள் உண்டு. குடிவழி ஏடுகளின்படி இவர்கள் தல்ஸ்தோய் (டால்ஸ்டாய்) குடும்பத்தின் ஒரு கிளை. 'துர்னோய்' என்று பட்டம் பெற்ற ஒரு தல்ஸ்தோயின் வாரிசுகள். தல்ஸ்தோய் என்றால் தடியன். ஆக தடியனின் வம்சமும் கெட்டவனின் வம்சமும் பங்காளிகள். 'கெட்டவன்' என்று பிள்ளையைக் கூப்பிடுவது வசவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அழகில்லாதவன் என்று பொருள்படும் நெக்ராஸ் போன்ற பெயர்களைக் கண்ணேறு படாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சூட்டியது பழைய ரஷ்ய வழக்கம். அந்தக் 'கெட்டவன்' வழியில் இரண்டு உள்துறை அமைச்சர்கள் வந்தார்கள். அவர்களில் பியோத்தர் துர்னவோ, ஜெர்மனியோடு போர் மூண்டால் ரஷ்யாவில் புரட்சி வெடிக்கும் என்று 1914 பிப்ரவரியிலேயே ஜார் மன்னருக்கு எழுதிக் கொடுத்தவர்.

ஆனால் என் மனதில் நிற்பவர் இன்னொருவர். நிக்கலாய் துர்னவோ (1876–1937), மொழியியலர், வட்டார வழக்கு ஆய்வாளர். ஐரோப்பிய ரஷ்யாவின் எந்தப் பகுதியில் எந்த ஒலி, எந்த உருபு வழங்குகிறது என்று காட்டும் மொழி வரைபடத்தை சக்கலோவ், உஷக்கோவ் என்ற இருவரோடு சேர்ந்து 1915இல் வெளியிட்டார். வடக்கே வெண்கடல் கரையோரத்தில் இந்த உருபை இன்னும் 'க்' ஒலியோடு உச்சரிக்கும் ஊர்கள் உண்டு. உருபுகளைத் தேடி ஊரெல்லாம் குறிப்பெடுத்தவரின் சொந்தப் பெயரே ஓர் உருபின் எச்சம்! 1933 கடைசியில், ஸ்லாவிய மொழி அறிஞர்கள் மீது ஜோடிக்கப்பட்ட வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். 1937இல் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, இந்தப் பெயர்கள் ஏன் இத்தனை அரிது?

ஒரு காரணம் காலம். உயர்குடிகளுக்கு 15, 16ஆம் நூற்றாண்டுகளிலேயே குடும்பப் பெயர்கள் நிலைத்துவிட்டன. அப்போது நான்காம் வழி பேச்சில் உயிரோடு இருந்தது. பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861இல். சட்டப்படி எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்று செனட் சொன்னது 1888இல். விவசாயிகள் லட்சக்கணக்கில் பெயர் பதிய வந்தபோது எழுத்தர் கைவசம் இருந்த அச்சு ஒவ், இன் இரண்டும்தான். 'ஆகோ' பெயர் வைத்திருப்பவர் எல்லாம் பிரபு வம்சம் என்றொரு பேச்சு இதிலிருந்து கிளம்பியது. பாதி உண்மை. வணிகர்களான ஷிவாகோக்களே அதற்கு மறுப்பு.

இன்னொரு காரணம் இலக்கணம். இவானோவின் மனைவி இவானோவா. பெயர் ஆறு வேற்றுமையிலும் வளைந்து கொடுக்கும். துர்னவோ வளையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வடிவம், எல்லா வேற்றுமைக்கும் அதே வடிவம். ஏற்கெனவே ஓர் உருபு ஏறியிருக்கும் சொல்லில் இன்னோர் உருபு எப்படி ஏறும்? இப்படி மரம் போல நிற்கும் பெயர், பதிவேட்டில் எழுதுபவர் கையில் 'துர்னோவ்' என்று திருந்திவிட எவ்வளவு நேரம் ஆகும்? போதாக்குறைக்கு ஷெரெமெத்யவோ, தமதேதவோ என்று அதே ஒலியில் முடியும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். அவை 'இன்னாருடைய ஊர்' என்று பொருள்படும் எழுவாய் வடிவங்கள், துர்னவோவோடு உறவில்லை. ஓசை ஒற்றுமையால், ஊரின் பெயரைத்தான் குடும்பம் எடுத்துக்கொண்டது என்று நினைப்பவர்கள் ரஷ்யாவிலேயே உண்டு.

மூன்றாவது, மொழியோடு சம்பந்தமே இல்லாத காரணம். கணக்கு. 1873இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் ஒரு புதிர் போட்டார்: குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணித முறையில் விடை தேடினார். ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன் வளர்ந்து குடும்பஸ்தன் ஆகிறான் என்று வைத்துக்கொள்வோம். சராசரிதான் ஒன்று, ஒருவருக்கு மூன்று மகன்கள், இன்னொருவருக்கு ஒருவரும் இல்லை. பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவு முறைப்படி கணக்கிட்டால், தலா ஓர் ஆணிடம் தொடங்கும் 100 பெயர்களில் 37 முதல் தலைமுறையிலேயே போய்விடும். ஐந்தாம் தலைமுறைக்குள் 73, பத்தாம் தலைமுறைக்குள் 84. மக்கள்தொகை தலைமுறைக்கு 20 சதவீதம் பெருகினாலும் கடைசியில் 69 பெயர்கள் அழிந்தே தீரும். எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழியும் என்று வாட்சன் முடிவு கட்டியது மட்டும் தவறு. பியனெமே என்ற பிரெஞ்சுக்காரர் 1845லேயே சரியான விடையைத் தொட்டிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

கார்ப்போவுக்கு இந்த ஆபத்து பெரிதில்லை. கார்ப் என்பவர் எந்த ஊரிலும் இருந்திருப்பார். அந்தப் பெயர் ஒரே காலத்தில் பல இடங்களில் தனித்தனியாக முளைத்தது. ஸ்மிர்னோவும் அப்படித்தான். சாதுவானவன் என்ற பட்டத்திலிருந்து வந்தது. எலேனா பலனோவ்ஸ்கயா தலைமையிலான மரபியலர்கள் 2000களில் தொகுத்த ரஷ்யக் குடும்பப் பெயர்ப் பட்டியலில் அதுவே முதலிடம். (மரபியலருக்குக் குடும்பப் பெயரில் என்ன வேலை என்றால், தந்தைவழி மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமின் பாதையிலேயே பெயரும் போகிறது. பெயர் எங்கெங்கே அடர்ந்திருக்கிறது என்று பார்த்தால் மக்கள் நடமாட்டத்தின் தடம் கிடைக்கும்.) துர்னவோவுக்கு இருந்தது ஒரே ஒரு வேர். ஒற்றை வேரில் நின்ற ஒரு பெயர் பதினைந்து இருபது தலைமுறை தாண்டி வந்திருக்கிறது என்றால், அதில் பெருமையைவிட அதிர்ஷ்டத்தின் பங்குதான் அதிகம்.

மாஸ்கோவில் ஒரு மாணவர் 'வெசெலாகோவின் எதிர்மறை ஒளிவிலகல் கோட்பாடு' என்று தன் மொழியில் வாசித்தால் வாயில் வருவது இது: தியோரியா ஒத்ரிசாதெல்னவோ ப்ரெலம்லேனியா வெசெலாகோ. 'எதிர்மறை' என்ற பெயரடையின் கடைசியிலும் அதே உருபு, பெயரின் கடைசியிலும் அதே உருபு. தாளில் இரண்டிலும் இருப்பது 'க்' எழுத்து. முதலாவதை அவர் 'வ்' என்பார், இரண்டாவதை 'க்' என்பார். ஏன் என்று அவரும் யோசித்திருக்க மாட்டார்.