முதற்பதிப்பு: பதிப்பு வேறு, அச்சு வேறு

முதல் + பதிப்பு = முதற்பதிப்பு. வல்லினம் வரும்போது 'ல்' திரிந்து 'ற்' ஆகிறது. 'முதல் பதிப்பு' என்று பிரித்து எழுதினாலும் பிழையில்லை. 'முதல்ப்பதிப்பு' என்பதுதான் பிழை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்பார்கள். மலையாளப் புத்தகங்களோடு பழகியவர்கள் 'ஒன்னாம் பதிப்பு' என்பார்கள். அங்கேயும் 'பதிப்பு' என்ற இதே சொல்தான்.

பழைய புத்தகம் சேகரிப்பவருக்கு இந்தச் சொல் ஏன் முக்கியம்? விலையும் மதிப்பும் இதன் மேல்தான் நிற்கின்றன. ஆனால் தமிழ்ப் புத்தகத்தில் 'முதற்பதிப்பு' என்று அச்சாகியிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'பதி' என்ற வினையிலிருந்து வந்தது பதிப்பு. சேற்றில் கால் பதிகிறது. நகையில் கல்லைப் பதிக்கிறோம். பதிவு, பதியம் எல்லாம் இதே வேர். 'அச்சு' என்பதற்கு வண்டியின் இருசு என்றும் வார்ப்பு என்றும் பொருள் உண்டு. இடியாப்ப அச்சு, வெல்ல அச்சு என்று சமையலறையில் இன்றும் புழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களின் முகப்பைப் பார்த்தால் 'இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது' என்று இருக்கும். அச்சு கருவி, பதிப்பித்தல் செயல். இரண்டும் ஒரே வரியில் தெளிவாகப் பிரிந்து நின்றன.

பிறகு 'பதிப்பு' மூன்று வேலைகளைத் தூக்கிச் சுமந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்றால், சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தீர்மானித்தார் என்று பொருள். பதிப்பகம், பதிப்பாளர் என்றால் வெளியிடுபவர். 'இரண்டாம் பதிப்பு' என்றால் இரண்டாம் முறை அச்சிட்டது. சேகரிப்பவரைக் குழப்புவது இந்தக் கடைசிப் பொருள்.

நூலியலில் பதிப்பு என்பது ஒரே அச்சுக்கோப்பிலிருந்து, அதாவது ஒரு தடவை எழுத்துகளைக் கோத்து அமைத்ததிலிருந்து, வந்த படிகள் (பிரதிகள்) முழுவதையும் குறிக்கும். அந்தக் கோப்பைக் கொண்டு ஒரு தடவையில் அடித்தெடுத்தவை ஓர் அச்சு. பாகைச் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் கருப்பட்டிக் காய்ப்பை நினைத்துக்கொண்டால் போதும். சிரட்டை பதிப்பு, ஒவ்வொரு தடவை ஊற்றுவதும் ஓர் அச்சு. சிரட்டையை மாற்றினால்தான் புதுப் பதிப்பு.

அப்படியானால் பழைய தமிழ்ப் பதிப்பாளர்கள் ஒவ்வொரு மறு அச்சையும் 'இரண்டாம் பதிப்பு', 'மூன்றாம் பதிப்பு' என்று போட்டது அறியாமையா? இல்லை. சிறிய அச்சகங்களில் ஈய எழுத்து குறைவு. 8 அல்லது 16 பக்கம் கொண்ட ஒரு பாரத்தைக் கோத்து, அடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அதே எழுத்தால் அடுத்த பாரத்தைக் கோப்பார்கள். புத்தகம் விற்றுத் தீர்ந்து மறுபடி அடிக்கும்போது பழைய கோப்பு இருக்காது, புதிதாகத்தான் கோக்க வேண்டும். சிரட்டையே மாறிவிட்டது, ஆகவே அது மெய்யாகவே இன்னொரு பதிப்பு. ஆஃப்செட் வந்த பிறகு பக்கங்கள் படலமாக (ஃபிலிமாக) தங்கின. அதே படலத்திலிருந்து திரும்ப அடித்ததையும் பழக்கதோஷத்தில் 'பதிப்பு' என்றே எழுதினார்கள். வழு அங்கேதான் புகுந்தது. எனவே 1940, 50களின் சிறுவர் நூலில் 'இரண்டாம் பதிப்பு' என்றிருந்தால் சொல்லுக்குச் சொல் ஏற்கலாம். 1980களுக்குப் பிந்தைய நூலில் அது பெரும்பாலும் 'இரண்டாம் அச்சு' தான்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பின்னாளில் அடித்த புத்தகத்திலும் பழைய ஆண்டு மட்டும் நிற்கும். அதைப் புத்தகத்தின் உடம்பைக் கொண்டே பிடிக்கலாம். 'முதற்பதிப்பு 1956' என்று போட்டு, முகவரியில் 629 001 என்றிருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தையது ஆகாது. அஞ்சல் குறியீட்டு எண் வந்ததே அன்றுதான். விலை நயா பைசாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பின். 'சென்னை' என்ற பெயரை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். 1996க்கு வெகு முன்பிருந்தே தமிழில் அப்படித்தான் எழுதினார்கள். 'லை', 'னை', 'றா' போன்றவை பழைய கொம்பு வடிவில் இல்லாமல் இன்றைய வடிவில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிந்தைய கோப்பு என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டுமே, ஏனெனில் பெரியாரின் இதழ்கள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தின.

குமரி மாவட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சிப் பகுதி. பழைய வீட்டுப் புத்தகங்களில் பரிசு வழங்கிய தேதி, வாங்கிய தேதி எல்லாம் கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கில்) இருக்கும். ஆவணி முதல் மார்கழி முற்பாதி வரை 824ஐக் கூட்டுங்கள், அதன் பின் ஆடி வரை 825. கொல்லம் 1117 ஆவணி என்றால் 1941. அதே ஆண்டு மாசி என்றால் 1942. இந்தக் குறிப்பு அச்சான ஆண்டைச் சொல்லாது. ஆனால் புத்தகம் அதற்குப் பிறகு அச்சாகியிருக்க முடியாது என்பதை உறுதிப்படுத்தும்.

மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ச் சிறுவர் நூல்களை இன்று பலர் தேடுகிறார்கள். ராதுகா பதிப்பகம் 1982இல்தான் முன்னேற்றப் பதிப்பகத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. அந்தப் பெயர் தாங்கிய நூல் அதற்குப் பிந்தையது. அதே கதை முன்னேற்றப் பதிப்பகத்தின் பெயரில் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். ஆங்கிலச் சிறுவர் நூல்களில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று எண் வரிசை இருக்கும். அதில் மிகச் சிறிய எண்ணே அச்சின் வரிசை எண். 3 வரைதான் இருந்தால் மூன்றாம் அச்சு, மேலே 'முதற்பதிப்பு' என்று எழுதியிருந்தாலும்.

இனி கையெழுத்து. பேச்சில் எழுதும் முறைக்கும் ஒப்பத்துக்கும் ஒரே சொல். சேகரிப்பில் 'கையொப்பம்' என்பதே சரி. பெயர் மட்டும் இட்டது கையொப்பப் படி. ஒருவர் பெயர் குறித்து அன்போடு எழுதிக் கொடுத்தது அன்பளிப்புப் படி. 'பிரதி' வடசொல், 'படி' அதற்கு முழுப் பொருத்தம், படியெடுத்தல் என்ற வினையும் கூடவே இருக்கிறது.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களை இந்த மாவட்டத்தில் தேடாதவர் குறைவு. அவர் மறைந்தது 1954 செப்டம்பர் 26. அதற்குப் பின் அச்சான நூலில் அவர் கையொப்பம் இருந்தால் அது அச்சடித்த நகலாகவோ போலியாகவோதான் இருக்கும். உருப்பெருக்கியில் பாருங்கள்: புள்ளிகளாகச் சிதறினால் அச்சு, ஓரங்களில் மை திரண்டு நடுவில் வெளிறினால் ரப்பர் முத்திரை. ஊற்றுப்பேனா மை தாளின் இழைக்குள் இறங்கிப் பரவியிருக்கும். 1930களின் தேதியிட்டுப் பந்துமுனைப் பேனாவால் எழுதியிருந்தால் தயங்காமல், வாங்காமல் வைத்துவிடலாம்.

மெல்லிய சிறுவர் நூல்கள் பெரும்பாலும் நடுவில் கம்பிப் பின் அடித்தவை. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரையூர்களின் உப்புக்காற்றில் அந்தப் பின் விரைவில் துருப்பிடித்து, தாளைச் சுற்றிலும் அரித்துவிடும். துருக்கறை இப்போதுள்ள பின்னோடும் துளையோடும் பொருந்துகிறதா என்று அட்டையிலும் உள்தாளிலும் பாருங்கள். பொருந்தாவிட்டால் வேறொரு படியின் அட்டையை எடுத்து மாட்டியிருக்கலாம். ஆக்கர் கடையில் (பழைய பொருள் கடையில்) கிடைக்கும் முழுமையான படிகளில் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். பின்னை நகத்தால் நெம்பாமல், கால்களை நிமிர்த்திப் பின்புறமாகத் தள்ளி எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூலால் தைக்கலாம். செல்லோடேப் வேண்டாம், பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப வராது.

விற்கும்போதும் குறித்து வைக்கும்போதும் இப்படி எழுதுங்கள்: 'முதற்பதிப்பு, முதல் அச்சு, முன் தாளில் ஆசிரியர் கையொப்பம், நீல மை, நடுப் பின் துரு, நூலால் தைத்தது, 17ஆம் பக்கத்தில் வண்ணப் பென்சில் கிறுக்கல்.' அச்சைத் தீர்மானிக்க முடியவில்லை என்றால் 'முதற்பதிப்பு' என்பதோடு நிறுத்தி, எந்த அடையாளத்தைக் கொண்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்பதை அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.