இரவில் அழுகை, காலையில் ஓட்டம்

‘கால் குடையுது’, ‘கால் உளையுது’, ‘கடுக்குது’ என்று ஊருக்கு ஒரு சொல் உண்டு. சொல் எதுவானாலும் காட்சி ஒன்றுதான். நாள் முழுக்க ஓடியாடிய நான்கு வயதுக் குழந்தை, படுத்த ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கெண்டைக்கால்களையும் பிடித்துக்கொண்டு அழுகிறது. அம்மாவோ பாட்டியோ நீவிவிட, அரை மணி நேரத்தில் தூங்கிப்போகிறது. காலையில் எதுவுமே நடக்காததுபோல் படியில் குதித்து இறங்குகிறது. சில நாள் கழித்தோ சில வாரம் கழித்தோ மறுபடியும் அதே அழுகை.

மருத்துவத்தில் இதற்கு ‘வளர்ச்சி வலி’ என்று பெயர். 1823இல் பிரான்சில் வெளியான மருத்துவ நூலொன்றில் தொடங்கிய இந்தப் பெயர், தவறு என்று தெரிந்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. குழந்தை மிக வேகமாக உயர்வது முதல் வயதில். ஏறக்குறைய 25 செ.மீ. வளரும். அடுத்த பாய்ச்சல் பருவ வயதில். வலி வருவதோ இவ்விரண்டுக்கும் நடுவே, மூன்று முதல் பன்னிரண்டு வயதுக்குள். அதிலும் நான்கிலிருந்து எட்டு வரை அதிகம். அப்போது குழந்தை ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. மட்டுமே நிதானமாக வளர்கிறது. வளர்ச்சிதான் காரணம் என்றால் கைக்குழந்தைகள்தான் இரவெல்லாம் அழ வேண்டும். 2004இல் ஆஸ்திரேலியாவில் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடந்த கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 36.9 சதவீதக் குழந்தைகளுக்கு, இந்த வலி இருந்தது. அதனால் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் இது இருக்க வாய்ப்பு உண்டு.

பிறகு ஏன் வலிக்கிறது? ஒரே காரணம் இதுவரை நிறுவப்படவில்லை. இந்தக் குழந்தைகளுக்கு வலியை உணரும் வாசல் மற்றவர்களைவிடத் தாழ்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மற்றவர்கள் வெறும் அழுத்தமாக உணர்வதை இவர்கள் வலியாக உணர்கிறார்கள். இவர்களில் பலருக்கு அவ்வப்போது தலைவலியும் வயிற்றுவலியும் வருவதுண்டு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுவயதில் இதே வலி இருந்ததாகப் பாட்டியிடம் கேட்டால் தெரியவரும். அதிகம் ஓடிய நாளின் இரவில் வலி கூடுவதால், தசையும் எலும்பும் களைப்பதற்குப் பங்கு இருக்கலாம். மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் குழந்தைகளிடமும் இது கூடுதலாகத் தெரிகிறது. ‘வளர்ச்சி’ என்ற பழைய எண்ணத்துக்கு ஒரு சிறு உயிர் கொடுத்தவை ஆட்டுக்குட்டிகள்தான். அமெரிக்காவில் ஒரு குழு ஆட்டுக்குட்டியின் கால் எலும்பில் நுண்ணிய உணரியைப் பொருத்திப் பார்த்தபோது, எலும்பு நீள்வதில் 90 சதவீதத்துக்கு மேல் அது படுத்திருக்கும்போதுதான் நடந்தது. ஆனாலும் அதுதான் வலிக்குக் காரணம் என்று யாரும் காட்டவில்லை.

காரணம் உறுதியாகத் தெரியாவிட்டாலும் வலியின் வடிவம் மிகத் தெளிவானது. பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். வலி இரண்டு கால்களிலும் இருக்கும். ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது என்று மாறினாலும் சரி. கெண்டைக்கால், முன்னங்கால், தொடை, முழங்காலின் பின்குழி ஆகிய சதைப் பகுதிகளில் வலிக்கும். மூட்டில் வலிக்காது. மாலையிலோ இரவிலோ வந்து, சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். காய்ச்சல், வீக்கம், சிவப்பு எதுவும் இருக்காது. இடையிடையே வலியே இல்லாத நாட்களும் வாரங்களும் வரும்.

அழுகையைப் பார்த்து நோயை அளக்க முடியாது. வளர்ச்சி வலிக்கும் குழந்தை வீடதிர அழும். மூட்டில் சீழ் வைத்த குழந்தை அசையாமல் முனகிக்கொண்டு கிடக்கும். இரண்டு சோதனைகள்தான் உதவும். முதலாவது கை. வளர்ச்சி வலியில் குழந்தை ‘இன்னும் அமுக்கு’ என்று காலை நீட்டும். எலும்பிலோ மூட்டிலோ நோய் இருந்தால் தொட வரும் கையைத் தட்டிவிடும். இரண்டாவது மறுநாள் காலை. எழுந்ததும் வழக்கம்போல ஓடினால் நிம்மதிக்கு இடமுண்டு. நொண்டினாலோ, படியிறங்க மறுத்தாலோ, ‘தூக்கிக்கோ’ என்று அடம்பிடித்தாலோ அது வளர்ச்சி வலி அல்ல. இரவின் வலியை வைத்து முடிவு செய்யாமல், காலையின் நடையை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

விடுமுறை நாள் பகலில், குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும்போது, ஐந்து நிமிடம் பார்த்தாலே பல விஷயங்கள் தெரியும். உள்ளாடையோடு, வெறுங்காலில், வராண்டாவில் போய்வரச் சொல்லுங்கள். குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழ வையுங்கள். தன் தொடையையே கையால் பிடித்துப் பிடித்து ஏறி எழுந்தால் தசை பலவீனம் இருக்கலாம். பிறகு சம்மணம் போடச் சொல்லுங்கள். ஒரு முழங்கால் மட்டும் தரையை நெருங்காமல் உயர்ந்தே நின்றால் அந்தப் பக்க இடுப்பு மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். கடைசியாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே முழங்காலிலிருந்து கணுக்கால் வரை எலும்பின் மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் குழந்தை சுருங்கினால் அந்த இடத்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

இடுப்பு மூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்குதான் அடிக்கடி ஏமாற நேர்கிறது. இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளின் கிளைகளே முழங்காலுக்கும் போகின்றன. இடுப்பில் கோளாறு இருக்கும்போது மூளை அதை முழங்கால் வலியாகவோ தொடை வலியாகவோ படித்துக்கொள்கிறது. குழந்தை முழங்காலைக் காட்டும். எக்ஸ்ரேயும் முழங்காலுக்கே எடுப்பார்கள். ‘ஒன்றுமில்லை’ என்று வரும். மாதங்கள் போகும். அதற்குள் பெர்த்தஸ் நோய் முற்றியிருக்கும். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அது நொறுங்கித் தட்டையாகிப் பின் மெல்ல மீண்டும் உருவாகும் நோய் இது. 1910இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலும் தனித்தனியே விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வயதுக்குள், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கைந்து மடங்கு அதிகமாக வரும். முதல் அறிகுறி பெரும்பாலும் வலியில்லாத நொண்டல்தான். முழங்கால் வலி என்று வரும் எந்தக் குழந்தைக்கும் இடுப்பைச் சோதிக்காமல் அனுப்பக் கூடாது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம் என்பதால், நொண்டல் தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

பெற்றோர் மனதில் இருந்தும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ரத்தப் புற்றுநோய் பற்றியது. அச்சத்தில் ஒரு நியாயமும் உண்டு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் உச்சத்தில் இருப்பது இரண்டு முதல் ஐந்து வயதில். வளர்ச்சி வலியின் வயதும் ஏறக்குறைய அதுதான். எலும்பு மஜ்ஜைக்குள் நோய் அணுக்கள் நெருக்கியடித்துப் பெருகுவதால் எலும்பு வலிக்கிறது. ஆனால் அந்த வலி தூங்கவிடாது, பகலிலும் தொடரும், நாளுக்கு நாள் கூடும். கூடவே வெளிறிய முகம், விட்டுவிட்டுக் காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு, எடைக் குறைவு, கழுத்தில் நெறிக்கட்டி என்று பெரும்பாலும் ஏதாவது ஒன்று வரும். ஒரு ரத்த அணு எண்ணிக்கையும், ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் சோதனையும் பெரும்பாலும் துப்புக் கொடுத்துவிடும். முதல் சோதனை சரியாக இருந்தும் வலி போகவில்லையென்றால் மறுபடி பார்க்க வேண்டும். காரணம் தெரியாத கால் வலிக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுக்கவே கூடாது. அது புற்று அணுக்களைத் தற்காலிகமாக அடக்கி, நோய் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டு, சிகிச்சையையும் கடினமாக்கிவிடும்.

காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் காலை மடக்கி நீட்ட முடியாமல், வெயில் ஏற ஏறச் சரியாகும் பிள்ளைக்கு மூட்டு அழற்சி இருக்கலாம். குழந்தைகளுக்கு மூட்டுவாதம் வராது என்ற நம்பிக்கையால் இது தாமதமாகிறது. ஒரு முழங்கால் ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருந்தால் கண் மருத்துவரும் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்நோய் சில குழந்தைகளுக்குச் சிவப்போ வலியோ இல்லாமல் கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கிப் பார்வையைக் குறைக்கும்.

இவற்றுக்கெல்லாம் நாட்கணக்கில் நேரமுண்டு. காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கும் குழந்தைக்கு அந்த நேரம் இல்லை. மூட்டில் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு சில நாட்களில் அரிக்கப்பட்டுவிடும். கைக்குழந்தையாக இருந்தால் டயப்பர் மாற்றும்போது அலறும், அந்தக் காலை மட்டும் ஆட்டாது. இரவு இரண்டு மணியானாலும் எழுப்பி அழைத்துப் போக வேண்டிய நிலை இது. சளிக்குப் பிறகு இடுப்பு மூட்டில் நீர் கோத்து நொண்டும் சாதுவான கோளாறு ஒன்றும் உண்டு; ஓரிரு வாரத்தில் தானே போய்விடும். இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது 101.3 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் மூட்டில் சீழ் என்றே எண்ணி ஓடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஃப்ளூ காய்ச்சல் குறையும் நேரத்தில் இரண்டு கெண்டைக்காலும் வலித்துக் குழந்தை நுனிக்காலில் நடந்தால் அது வைரஸால் வரும் தசை அழற்சி; ஒரு வாரத்தில் தீரும், ஆனால் சிறுநீர் காபி நிறமானால் உடனே போக வேண்டும். வலி என்று சொல்லாமல் ‘எறும்பு ஊறுது’ என்று காலை உதறிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். நீலகிரியின் பழங்குடிச் சமூகங்களில், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயான அரிவாள் அணு ரத்தசோகை இருப்பதால், அந்தக் குடும்பங்களின் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப எலும்பு வலி வந்தால் அந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு வளர்ச்சி வலி என்ற முத்திரையை எளிதில் குத்தக் கூடாது.

நம் ஊரில் எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. கால் வலி என்றதும் ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனையை எழுதி, எண் கொஞ்சம் கூடியிருந்தால் ‘வாதக்காய்ச்சல்’ என்று சொல்லி, மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் போடுகிறார்கள். ஏ.எஸ்.ஓ. காட்டுவது, சமீபத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைத் தொற்று வந்துபோனது என்பதை மட்டும்தான். பள்ளி செல்லும் வயதில் நலமாக இருக்கும் பல குழந்தைகளுக்கும் அது கூடியே இருக்கும். உண்மையான வாதக்காய்ச்சலில் பெரிய மூட்டுகள் வீங்கும், வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், இதயம் பாதிக்கப்படலாம். அப்படியிருந்தால் அந்த ஊசியைத் தவறவே விடக் கூடாது. வெறும் இரவு வலிக்கு அது தேவையற்ற துன்பம். சரியான வடிவத்தில் வரும் வளர்ச்சி வலிக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டாம். கால்சியம் டானிக்கும் அப்படித்தான். வைட்டமின் டி குறைவு நம் குழந்தைகளிடம் பரவலாக உண்டு. கால் வளைந்தோ மணிக்கட்டு தடித்தோ இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் 60,000 யூனிட் பொட்டலத்தை மருந்துக்கடையில் தானே வாங்கி வாராவாரம் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரை போகும்.

வலி வந்த இரவில் பாட்டியின் வைத்தியம்தான் முதல் மருந்து. லேசாகச் சூடேற்றிய நல்லெண்ணெய் தடவி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கிப் பத்து நிமிடம் நீவுங்கள். ஒத்தடத்துக்கு வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே வையுங்கள். கற்பூரம் கலந்த தைலங்களைச் சிறு குழந்தைக்குத் தவிர்ப்பது நல்லது. கையில் ஒட்டி வாய்க்குப் போனால் வலிப்பு வரலாம். வலி அடிக்கடி வந்தால் காலையும் இரவும் தசையை நீட்டிவிடும் பயிற்சி உதவுகிறது. 1988இல் வெளியான ஒரு சிறு கனடிய ஆய்விலும், தசை நீட்டிவிட்ட குழந்தைகளுக்கு வலி சீக்கிரம் நின்றது. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல், பாதத்தை முகத்தை நோக்கி மெல்லத் தள்ளி 20 நொடி பிடியுங்கள். பிறகு காலை நேராக மேலே தூக்கித் தொடையின் பின்தசைக்கும், குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலைப் புட்டத்தை நோக்கி மடக்கி முன்தசைக்கும் அதே அளவு. வலிக்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது.

தூங்கவே முடியாத இரவுகளில் பாரசிட்டமால் கொடுக்கலாம். அளவு வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. இங்கே தவறு நடப்பது பாட்டிலில். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும், 250 மி.கி. உள்ள சிரப்பும் ஒரே அலமாரியில் இருக்கும். 16 கிலோ குழந்தைக்கு முதல் பாட்டிலில் 7 மி.லி. சரி. இரண்டாவதில் அதே 7 மி.லி. ஊற்றினால் 350 மி.கி. போய்விடும், அதில் மூன்றரை மி.லி. போதும். நிமெசுலைடு வேண்டாம், 12 வயதுக்குக் கீழே அதைக் கொடுப்பதை இந்தியாவில் 2011இல் தடை செய்துவிட்டார்கள். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இபுப்ரூஃபெனும் ஆஸ்பிரினும் கூடாது. வாரத்தில் பல இரவுகள் மருந்து தேவைப்பட்டால் அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

போகும்போது கையில் இரண்டு கொண்டுபோங்கள். ஒன்று, மூன்று நான்கு வாரக் குறிப்பு: எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கால், எவ்வளவு நேரம், மறுநாள் நடை எப்படி. இன்னொன்று, காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடியின் செல்போன் வீடியோ. பதினொரு மணிக்கு மருத்துவர் அறைக்குள் நுழையும்போது பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாகத்தான் நடப்பார்கள்.