காலி டேங்கில் ஒரே ஒரு ராடு

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் கொச்சி, முனம்பம் பக்கத்துப் பழுதுபார்க்கும் யார்டுகளில் இரும்பு மீன்படகுகள், நம் பேச்சில் போட்டுகள், வரிசையாக ஏறிவிடும். பாதிக்கு மேல் நம் குமரிக் கரையின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்களுடையவை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். அதற்குள் தகடு மாற்ற வேண்டும், பைப் மாற்ற வேண்டும், பெயிண்ட் அடித்து இறக்க வேண்டும். மழையும் சரியாக அப்போதுதான். டீசல் டேங்கில் வெல்டிங் வைத்த மார்த்தாண்டத்துப் பையனோ பாறசாலைப் பையனோ தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடப்பதும் அந்த நாட்களில்தான். விசாரித்தால் யாரிடமும் ஒரே பதில்: "டேங்கு காலியாட்டுதான கெடந்துது."

அலுத்துவிட்டது. அதனால்தான் வெல்டிங், பைப் வேலைக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன்.

கடற்படையில் ஹல், அதாவது கப்பலின் உடல், பிரிவுக்காரனுக்குத் தகடு ஒட்டுவது, பைப் போடுவது, கக்கூஸ் லைன் அடைப்பு எடுப்பது, தண்ணீர் வரும் ஓட்டையை அடைப்பது எல்லாம் ஒரே பிழைப்பு. அங்கே வெல்டிங் ராடைத் தொடுவதற்கு முன் வரும் கேள்வி, தகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுதான். மேலே, கீழே, நாலு பக்கம் என ஆறு பக்கமும் பார்த்து, அடுத்த அறையில் தீயணைப்பானோடு ஓர் ஆளை நிறுத்தி, அனுமதிச் சீட்டில் கையெழுத்து விழுந்த பிறகே கரண்ட். நம் யார்டில் முதல் கேள்வி, "எத்தன மணிக்கு முடியும் ஆசானே?"

சரி, காலி டேங்க் கதைக்கு வருவோம். இதைச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை, கையில் ஓர் ஆதாரமும் வைத்திருக்கிறார்கள். வாளி டீசலில் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும், பெட்ரோல்தான் பிடிக்கும் என்பார்கள். குச்சி அணைவது உண்மைதான். வாளியில் இருப்பது குளிர்ந்த டீசல், அதன் மேல் எரியும் அளவுக்கு ஆவி கிடையாது. வெல்டிங்கில் நடப்பது வேறு. 6 மில்லி தகட்டில் ராடு ஓட்டும்போது மறுபக்கம் சிவந்து நிற்கும். அங்கே துருப் பொருக்குக்கு அடியில் ஊறியிருக்கும் டீசல் ஆவியாகக் கிளம்பும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டாம், அதற்குக் குறைவான ஆவியே வெடிக்கப் போதும். பற்றவைக்கப் பொறிகூடத் தேவையில்லை. 250 டிகிரியை ஒட்டிய சூட்டில் டீசல் ஆவி தானே பற்றிக்கொள்ளும், சிவந்த தகடு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூடு. நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்கில் முழுக்க இடம்தான், போதாததற்கு நல்ல காற்றும் உண்டு. காலி என்று சொல்லும்போதே அது வெடிகுண்டாகத் தயாராகிவிட்டது.

இன்னொரு வாதமும் வரும்: "நேவியில டீசல் டேங்குல வெல்டிங் வைப்பாங்களே?" வைப்பார்கள், ஆவி நீக்கிய பிறகு. தவிர, தீ காட்டினால் பற்றும் அளவுக்குக் கப்பல் எரிபொருள் ஆவி விடும் வெப்பநிலை 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. கடற்படைக்கு வருவது அந்தத் தனி ரகம். ரோட்டுப் பம்பில் வாங்கி ஊற்றும் டீசல் அது அல்ல, அதற்கு முன்பே ஆவி விடும்.

ஆகவே டேங்கில் கைவைக்க வேண்டுமென்றால் முறையாகச் செய்யுங்கள். டீசலை முழுதாக இறைத்து, மேன்ஹோல் மூடிகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வென்ட் பைப், ரிட்டர்ன் லைன், சப்ளை லைன் மூன்றையும் டேங்கிலிருந்து பிரித்து, லைன் பக்கம் பிளாங்க் என்னும் அடைப்புத் தகடு போடுங்கள். பக்கத்து டேங்கிலிருந்து ரிட்டர்ன் வழியாகச் சொட்டுவதை யாரும் பார்ப்பதில்லை. தடுப்புத் தகடுகளுக்கு அடியில் தேங்கிய கசடை வழித்து எடுத்து, சூடான சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பெட்ரோலும் தின்னரும் ஊற்றிக் கழுவுகிற மகான்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன பேசுவது? பிறகு காற்றடிக்கும் புளோயர். குழாய் டேங்கின் அடிவரை போக வேண்டும். டீசல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில்தான் கிடக்கும். மேன்ஹோல் வாயில் ஃபேனைச் சாய்த்து வைத்தால் மேல்காற்றுதான் சுற்றும்.

அதற்கப்புறம் உள்ளே இருக்கும் வாயுவை அளக்கும் கேஸ் மீட்டர். மேலே, நடுவே, அடியில், மூலைகளில் பாருங்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதம், எரியும் வாயு சைபர் காட்ட வேண்டும். மீத்தேனை வைத்து அளவு சரிசெய்த மீட்டர் டீசல் ஆவியைக் குறைத்தே காட்டும், அதனால் "ரெண்டு மூணு பர்சென்ட்தான" என்ற பேச்சே வேண்டாம். சாப்பிட்டு வந்தால் மறுபடி பாருங்கள். காலையில் சைபர் காட்டிய டேங்கில் வெயிலோ வெல்டிங் சூடோ ஏறினால், துருவுக்குள் இருந்தது வெளியே வரும்.

மீட்டர் இல்லை என்றால்? டேங்க் வேலையை எடுக்காதீர்கள். மீட்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடச் சொல்லி முதலாளியிடம் நேராகச் சொல்லுங்கள். ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர் நிரப்பி, வென்டைத் திறந்து வைப்பது நல்ல பழக்கம், ஆவிக்கு இடம் குறையும். ஆனால் மீதி இடத்துக்கும் புளோயரும் மீட்டரும் வேண்டும். ஒட்டுமிடம் வரைக்கும் தண்ணீர் நிறுத்தாதீர்கள், ஒட்டு சட்டென்று குளிர்ந்து விரிசல் விடும்.

மீன் ஸ்டோர் பக்கம் இதைவிட மோசம். வெளியே இரும்புத் தகடு, நடுவில் பஃப் என்னும் குளிர்காக்கும் நுரை, உள்ளே ஃபைபர். வெளியிலிருந்து ஒட்டுகிறவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. பஃப் தீயாக எரிவதற்கு முன் இடுக்குக்குள்ளேயே மணிக்கணக்கில் கனியும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் உண்டு, ஸ்டோருக்குள் இறங்கியவன் ஏறி வரமாட்டான். ஒட்டும் இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குக் குறையாமல் ஃபைபரையும் பஃப்பையும் உள்ளிருந்து வெட்டி எடுங்கள். திரும்ப ஃபைபர் போடும் செலவை முதலாளி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். உள்ளே ஓர் ஆள் தண்ணீர் ஹோஸோடு நிற்க வேண்டும், வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அவனைச் சாயா வாங்க அனுப்பாதீர்கள்.

எல்.பி.ஜி.யும் ஆக்சிஜனும் வைத்துத் தகடு வெட்டும் கட்டிங் செட்டுக்கு ஒரே சட்டம்தான்: ஆள் வெளியே வந்தால் ஹோஸும் வெளியே வரணும். டார்ச் வால்வை மூடியாயிற்றே என்று அறைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், கசியும் எல்.பி.ஜி. போட்டின் அடிப்பள்ளமான பில்ஜில் போய்த் தேங்கும். ஆக்சிஜன் கசிந்தால் மணமே இருக்காது, ஆனால் உடுத்திய துணி பொறி பட்டதும் பஞ்சாகப் பிடிக்கும். புழுக்கம் தாங்காமல் ஆக்சிஜனைத் திறந்து முகத்துக்குக் காட்டிக்கொள்கிற பையன்களைக் கண்டால் அங்கேயே தடுங்கள். 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் பழுதுபார்ப்புக்கு நின்ற சாகர் பூஷண் கப்பலில் வெடித்து ஐந்து பேர் போனார்கள். அங்கேயும் பேசப்பட்டது உள்ளே தேங்கிய வாயுவைப் பற்றித்தான். அத்தனை ஏற்பாடு இருக்கும் பெரிய தளத்திலேயே அப்படி என்றால் ஓலைக்கூரை யார்டில் எப்படி இருக்கும்?

மழையில் வெல்டிங் பற்றி நீட்ட மாட்டேன். நனைந்த கையுறையோடு, நாலு பக்கமும் இரும்பாக இருக்கும் இடத்தில் ஏ.சி. மெஷின் வேண்டாம். டி.சி. எடுங்கள், அடியில் காய்ந்த பலகை போடுங்கள். எர்த்தை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கோ தண்டவாளத்தில் மாட்டினால் கரண்ட் ஷாஃப்ட், பேரிங் வழியாகச் சுற்றி வரும், அடுத்த மாதம் பேரிங் போனதற்கு மெக்கானிக்கைத் திட்டுவீர்கள். 7018 ரக வெல்டிங் ராடு ஈரக்காற்றில் கிடந்தால் 300 டிகிரிக்கு மேல் ஓவனில் ஒரு மணி நேரமாவது சுட்ட பிறகே ஹல்லில் வையுங்கள், வெயிலில் காயவைப்பது எல்லாம் கணக்கில் வராது.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் ஒட்டிவிட்டுப் பால் குடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. துத்தநாகப் புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. இரண்டும் சந்திக்கப் போவதில்லை. ஒட்டுக்கு இரு பக்கமும் இரண்டு அங்குலம் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். எடுக்காமல் ஒட்டிப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வந்து ஓரிரு நாளில் விடும். டாக்டரிடம் போனால் என்ன ஒட்டினோம் என்று சொல்லுங்கள், சொல்லாவிட்டால் மலேரியாவுக்குச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்காதீர்கள்.

பைப் வேலைக்காரர்களிடம் ஒரு மன்றாட்டு. கப்பலின் கழிவு டேங்க், போட்டின் அழுகிய மீன் தண்ணீர் கிடக்கும் பில்ஜ், நாள்கணக்கில் மூடியே கிடந்த இரும்பு அறை, மூன்றும் ஒரே ஜாதி. முதல் இரண்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே நின்றுவிடும், வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள். மூன்றாவதில் துருவே ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். உள்ளே ஒருவன் விழுந்தால் தம்பியோ மச்சானோ பதறிக் குதிக்காதீர்கள் ஐயா, அவனும் விழுவான். புளோயரை உள்ளே விட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். இறங்குகிறவன் இடுப்பில் முதலிலேயே கயிறு கட்டியிருந்தால் மேலே நிற்பவன் இழுத்துவிடலாம்.

கடைசியாக, கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வு. களியக்காவிளைக் கடையில் வீட்டுக்கு வாங்கும் பித்தளை பால் வால்வை ஹல்லில் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் பஞ்சுபோல நிற்கும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள், மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வு முடிந்தது. ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போது கையோடு வரும். கன்மெட்டல் என்னும் வெண்கல வகை வால்வு வாங்குங்கள், ஃபிளாஞ்சில் ரப்பர் கேஸ்கெட்டும் போல்ட்டுக்கு ஸ்லீவும் போட்டு இரும்பிலிருந்து பிரியுங்கள். வால்வு போனால் அடித்து அடைக்க, ஒவ்வொரு வால்வுப் பக்கத்திலும் அந்த ஓட்டைக்குப் பொருந்தும் மென்மரக் கூம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இறக்கும் அன்று, இரும்புக்குப் பதில் தான் அரிபட ஹல்லில் மாட்டியிருக்கும் ஜிங்க் கட்டிமேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா பாருங்கள், அடித்திருந்தால் சுரண்டிவிட்டு இறக்குங்கள்.