நியூட்ரானை விழுங்காத தணிப்பான்

யுரேனியம் 235 அணுக்கரு பிளக்கும்போது வெளியேறும் நியூட்ரான்கள் நொடிக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன. இந்த வேகத்தில் வரும் நியூட்ரான் அடுத்த அணுக்கருவைப் பிளப்பது அரிது. வேகம் நொடிக்கு 2.2 கிலோமீட்டராக இறங்கிவிட்டால் பிளக்கும் வாய்ப்பு பல நூறு மடங்கு கூடிவிடும். அணு உலையில் அப்படி வேகத்தை இறக்கித் தரும் பொருள்தான் தணிப்பான்.

மோதி மோதித்தான் வேகம் குறையும். ஒரு கோலிக்குண்டு தன் அளவே உள்ள இன்னொரு கோலியை நேராக அடித்தால் அப்படியே நின்றுவிடும். பாறையில் பட்டால் எகிறித் திரும்பிவிடும். ஆகவே நியூட்ரானின் நிறைக்கு நெருக்கமான லேசான அணு வேண்டும். ஹைட்ரஜனோடு மோதினால் சராசரியாகப் பாதி ஆற்றல் போய்விடுகிறது; சுமார் 18 மோதல்களில் வேலை முடிந்துவிடும். கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கு 25 மோதல்கள் வேண்டும், கார்பனுக்கு 115.

அப்படியென்றால் தண்ணீரை ஊற்றினால் போதுமே? போதாது. ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கவும் செய்யும். இயற்கை யுரேனியத்தில் யுரேனியம் 235 இருப்பது 0.7 விழுக்காடுதான். அதை வைத்து, ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினையை நடத்த வேண்டுமானால் நியூட்ரான் கணக்கில் மிச்சம் மிகக் குறைவு. சாதாரண நீர் அதையும் காலி செய்துவிடும். கார்பன் ஹைட்ரஜனைவிட ஏறத்தாழ நூறு மடங்கு குறைவாகவே விழுங்குகிறது, டியூட்டீரியமோ 600 மடங்குக்கும் மேல் குறைவாக. மெதுவாகத் தணித்தாலும் இவை திருடுவதில்லை. தணிப்பானைத் தேர்ந்தெடுப்பதில் இதுதான் முதல் கணக்கு என்பேன்.

மற்ற லேசான தனிமங்களில் லித்தியமும் போரானும் நியூட்ரானைக் கண்டபடி விழுங்குபவை. ஹீலியம் விழுங்காது, ஆனால் வாயு. மோதுவதற்குப் போதிய அணுக்கள் அதில் இல்லை. பெரிலியம் நல்லதுதான், ஆனால் விலையும் அதிகம், தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

கார்பன் என்பதற்காக ஏதோ ஒரு கரி போதாது; அது தூய்மையாக இருக்க வேண்டும். ஒரு போரான் அணு, ஒரு கார்பன் அணுவைப்போல் சுமார் 2 லட்சம் மடங்கு நியூட்ரான்களை விழுங்கும். அதாவது 2 லட்சம் கார்பன் அணுக்களுக்கு நடுவே ஒரே ஒரு போரான் அணு ஒளிந்திருந்தாலும் இழப்பு இரட்டிப்பாகிவிடும். 1941இல் ஜெர்மனியில் இயற்பியலாளர் வால்டர் போத்தே கார்பனின் ஒரு வடிவமான கிராஃபைட்டை அளந்து பார்த்தபோது, அது மிக அதிகமாக விழுங்குவதாக முடிவு வந்தது. கிராஃபைட்டில் இருந்த மாசுதான் காரணம் என்பது பரவலான விளக்கம். ஜெர்மானியர்கள் டியூட்டீரியம் கொண்ட நீரான கனநீரை நம்பி, அதைத் தயாரித்த நார்வேயின் வேமோர்க் ஆலையைச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் இயற்பியலாளர் லியோ சிலார்டு போரான் இல்லாத கிராஃபைட்டுக்காக விடாமல் வற்புறுத்தினார். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு அடுக்கிய கிராஃபைட் குவியலில் முதல் தொடர்வினை ஓடியது.

கனநீரிலும் சிக்கல் தூய்மைதான். இயற்கை நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் டியூட்டீரியம். அதைப் பிரித்தெடுக்க ஏகப்பட்ட ஆற்றல் செலவாகும். அப்புறம், பிரித்த கனநீரில் சாதாரண நீர் கொஞ்சம் கலந்தாலே ஆதாயம் கரைந்துவிடும்.

சரி, உலகில் பெரும்பாலான அணு உலைகள் ஏன் சாதாரண நீரில் ஓடுகின்றன? யுரேனியம் 235இன் பங்கை 3 முதல் 5 விழுக்காடு வரை செறிவூட்டிவிட்டால் நீர் விழுங்குவதைத் தாங்கிக்கொள்ளலாம். வெப்பத்தை எடுத்துச் செல்வதும் அதே நீர்தான். என்னைக் கவர்வது இன்னொரு குணம்: உலை சூடேறினால் நீர் விரிகிறது, தணிப்பு குறைகிறது, வினையும் தானே அடங்குகிறது. செர்னோபில் உலையில் தணித்தது கிராஃபைட், குளிர்வித்தது நீர். அங்கே நீர் ஆவியானபோது விழுங்கல்தான் குறைந்தது. கிராஃபைட்டின் தணிப்பு அப்படியே நீடித்தது. 1986இல் திறன் கட்டுமீறி எகிறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீர் உலையிலும் வினை நின்றதோடு கவலை தீராது. பிளவுத் துண்டுகளின் கதிரியக்கச் சிதைவு எரிபொருளைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். தணிக்க வேண்டிய தேவை முடிந்த பிறகும் குளிர்விக்க நீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும்.