பழைய கணினிக்கு ராம் வாங்கும் முன் மேனுவலைத் தேடுங்கள்

பட்டறைகளிலும் ஆய்வகங்களிலும் பென்டியம் காலத்துக் கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இயந்திரத்தை இயக்கும் ஐஎஸ்ஏ கார்டு (பழைய வகை ஸ்லாட்டில் மாட்டுவது) புதிய கணினியில் ஏறாது என்பதால் அவற்றைத் தூக்கிப்போடவும் முடியாது. சர்வீஸுக்குக் கொண்டுவருபவர்களில் பலர் ராமையும் கையோடு வாங்கி வந்துவிடுகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

அடிக்கடி வருவது இன்டெல் 440பிஎக்ஸ், 1998இல் வந்த சிப்செட், அதாவது பிராசஸரையும் ராமையும் இணைக்கும் மதர்போர்டு சிப்புகள். 256 எம்பி ராமை மாட்டினால் 128 என்றுதான் காட்டுகிறது, சில சமயம் கணினி தொடங்குவதே இல்லை. கடையில் கேட்டால் ராம் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். அதுவும் உண்மைதான். எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி; எட்டே சிப்பில் 256 எம்பி என்றால் ஒவ்வொரு சிப்பும் 256 மெகாபிட். இந்தச் சிப்செட்டுக்கு 128 மெகாபிட்தான் எல்லை. பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிப் உள்ள அதே 256 எம்பியைப் போட்டால் முழுதாகத் தெரியும். வாங்கும்போது சிப்புகளை எண்ணிப் பாருங்கள்.

நிறைய போட்டால் வேகம் கூடும் என்பதும் எப்போதும் சரியல்ல. 1997இன் 430டிஎக்ஸ் சிப்செட் ராமின் முதல் 64 எம்பியை மட்டுமே கேஷ் செய்யும், அதாவது வேகமான சிறு நினைவகத்தில் நகல் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போட்டால் விண்டோஸ் 98 மந்தமாகவே வாய்ப்பு அதிகம். பென்டியத்துக்கு முந்தைய 486இல் 30 பின் சிம் (SIMM, பழைய வகை ராம் பலகை) என்றால் நான்கு நான்காகவும், பென்டியத்தில் 72 பின் சிம் என்றால் ஜோடியாகவும்தான் போட வேண்டும்.

சரி, இதெல்லாம் மதர்போர்டு மேனுவலில்தான் இருக்கும், மேனுவலுக்கு எங்கே போவது? கேபினெட்டில் உள்ள பெயரை நம்ப வேண்டாம். மதர்போர்டில் ஸ்லாட்டுகளுக்கு நடுவே வெள்ளை எழுத்தில் மாடலும் ரிவிஷனும் இருக்கும். ரிவிஷன் மாறினால் ஜம்பரும் (போர்டின் அமைப்பை மாற்றும் சிறு இணைப்பு) மாறலாம், அதனால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து அழிந்திருந்தால் கணினியை ஆன் செய்து, திரையில் ராம் எண்ணும்போதே பாஸ் (Pause) விசையை அழுத்துங்கள். பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அவார்டு நிறுவனத்தது என்றால் திரையின் அடியில் தேதியோடு ஒரு நீண்ட குறியீடு நிற்கும். அதில் 2ஏ69கே (2A69K) என்று இருந்தால் 440பிஎக்ஸ். அதற்கு அடுத்த இரண்டு எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். அப்புறம் 'தி ரெட்ரோ வெப்' தளத்தில் தேடுங்கள். மூடப்பட்ட நிறுவனங்களின் தளங்கள் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கிடைக்கும், சில சமயம் பயாஸ் கோப்போடு சேர்த்தே.

கேபினெட்டைத் திறக்கும் முன் பயாஸில் உள்ள ஹார்டுடிஸ்க் விவரங்களைப் போட்டோ எடுத்துவிடுங்கள். சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் போய்விட்டால் பழைய டிஸ்க்கை மறுபடி படிக்க வைப்பது பெரும்பாடு. 486 போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால், விவரங்களைக் குறித்த கையோடு அதைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அலுவலகத்தைக் காலி செய்யும்போது மெலிந்த மதர்போர்டு புத்தகங்கள் காகிதக் கட்டோடு எடைக்குப் போய்விடுகின்றன. போடும் முன் ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள். முழுதும் முடியாவிட்டால் ஜம்பர் அட்டவணையும் ராம் அட்டவணையும் உள்ள பக்கங்களை மட்டுமாவது ஏற்றுங்கள். மாடல் எண்ணும் ரிவிஷனும் தலைப்பிலேயே இருக்கட்டும், தேடுகிறவர்கள் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.