சொல் விளக்கம்: பறவைக் குரல் (‘பறவை அழைப்பு’ அல்ல)

பறவை பார்ப்போருக்காகத் தமிழில் வரும் கையேடு, பயிலரங்குக் குறிப்பு, ஒலிப்பதிவின் தலைப்பு என எதை எடுத்தாலும் ‘பறவை அழைப்பு’ என்ற சொல் இப்போது கண்ணில் படுகிறது. அண்மையில் ஒரு கையேட்டில் ‘கதிர்க்குருவி தன் அழைப்பை எழுப்புகிறது’ என்றே அச்சிட்டிருந்தார்கள். தமிழில் யாரும் அழைப்பை எழுப்புவதில்லை. விடுக்கிறோம், ஏற்கிறோம், மறுக்கிறோம். எழுப்புவது குரலை. பெயர்ச்சொல் பிழையென்று பக்கத்தில் நிற்கும் வினையே காட்டிக்கொடுக்கிறது.

பறவை ஒலியை ஆங்கிலத்தில் ‘சாங்’, ‘கால்’ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சாங் என்பது பாட்டு. அதில் சிக்கல் இல்லை. தன் எல்லையை அறிவிக்கவும் இணையை ஈர்க்கவும், பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்தில், நீளமாகவும் ஒழுங்கோடும் பாடுவது அது. கால் என்பது ஆணும் பெண்ணும் ஆண்டு முழுதும் எழுப்பும் சின்னஞ்சிறு ஒலி. பாடும் பறவைகளின் குஞ்சுகள் பாட்டைக் கேட்டுக் கற்கின்றன. சிற்றொலிகளோ பெரும்பாலும் பிறவியிலேயே வருகின்றன. ‘கால்’ என்ற சொல்லுக்கு வேர் பழைய நார்ஸ் மொழியின் ‘கல்லா’. உரக்கக் கத்துதல் என்பது பொருள். வரச்சொல்லுதல் என்பது அதிலிருந்து கிளைத்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் கிளையைப் பிடித்துக்கொண்டு வேரை விட்டுவிட்டார்கள்.

இந்தப் பிரிவினை ஏட்டோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார், ஒரே இனம் என்று பலரும் எண்ணியிருந்த இலைக் கதிர்க்குருவிகளில் மூன்று தனி இனங்கள் உண்டு என்று 1768இல் எழுதினார். ஒலியைக் கேட்டே அவர் முதலில் பிரித்தார். அவற்றுள் சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர் என்ற இரண்டும் பார்வைக்கு இன்றும் ஏமாற்றும். பாடினால் போதும்: முதலாவது ‘சிஃப், சாஃப், சிஃப், சாஃப்’ என்று இரண்டே சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவது மேலிருந்து கீழே இழைந்து இறங்கி அடங்கும். ஆனால் அவற்றின் சிற்றொலியைக் கேட்டால், ஒன்று ‘ஹ்வீட்’, மற்றது ‘ஹூ-வீட்’. பழகிய காதும் தடுமாறும். பாட்டு பிரித்துக்காட்டும் இடத்தில் சிற்றொலி குழப்புகிறது. இரண்டுக்கும் கலங்காத இரு சொற்கள் வேண்டும் என்பது இதனால்தான். ‘அழைப்பால் எளிதில் அறியலாம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் படிப்பவர் எதைக் கேட்பார்?

நம் பக்கம் நிலைமை தலைகீழ். பச்சைக் கதிர்க்குருவி குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் தோட்டங்களுக்கு வருகிறது. அதன் பாட்டு பெரும்பாலும் கூடு கட்டும் மலைகளோடு சரி. இங்கே நாம் கேட்பது இலைகளுக்குள்ளிருந்து வரும் ‘ச்சிஸ்வீட்’ என்ற ஈரசை ஒலி. அதே பச்சை முதுகும் அதே வெளிர் புருவக்கோடும் கொண்ட பெரிய அலகுக் கதிர்க்குருவி, இரண்டாம் அசையை மேலே தூக்கி ‘டிர்-டீ’ என்கிறது. இங்கு இவை இரண்டையும் பிரிக்க அந்த ஒலியே நல்ல துணை.

சரி, பச்சைக் கதிர்க்குருவி ஏன் நாள் முழுக்க அப்படி ஒலிக்கிறது? இங்கும் அது தனக்கென ஓர் எல்லையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ‘இந்த மரம் என்னுடையது, அந்தப் பக்கம் போ’ என்று தன் இனத்தானை விரட்டும் ஒலி அது. போ என்பதற்கு அழைப்பு என்று பெயரா? வல்லூறு வானில் தெரிந்ததும் சின்னப் பறவைகள் பல மெல்லிய கம்பிபோல் ஒரு கீச்சொலி எழுப்பும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே கடினம். யாரையும் வரச்சொல்லாமல் ஒளியச்சொல்லும் அதை ‘எச்சரிக்கை அழைப்பு’ என்கிறார்கள். ஆந்தையைச் சூழ்ந்து துரத்த மற்ற பறவைகளைக் கூட்டும் கரகரத்த ஒலி உண்டு. அதை மட்டும் அழைப்பு என்றால் ஒப்புக்கொள்வேன். ஒரு வகைக்குப் பொருந்தும் பெயரை மொத்தத்துக்கும் வைக்கக் கூடாது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘பயிர்தல்’ என்ற பழஞ்சொல்லை முன்வைக்கலாம். எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. குறுந்தொகையின் 16ஆம் பாட்டில் ‘செங்காற் பல்லி தன் துணை பயிரும்’ என்று வருகிறது. அழகான சொல்தான், ஆனால் அதற்கும் துணையை அழைத்தல் என்பதே பொருள், அதே குறை. போதாக்குறைக்கு ‘பறவைப் பயிர்’ என்றால் இன்று வயலைத்தான் தேடுவார்கள். மயில் அகவும், காகம் கரையும், கூகை குழறும் என்ற மரபு வினைகளை விடவே கூடாது. கதிர்க்குருவிக்கு அப்படியொரு வினை வழக்கில் இல்லாததால் பொதுச்சொல் ஒன்று தேவை.

அது ‘குரல்’. வீட்டில் தினமும் புழங்குவது. ‘வந்ததும் ஒரு குரல் கொடு’ என்கிறோமே, சுருக்கமாக ஓர் ஒலி எழுப்பி இருப்பைத் தெரிவித்தல் என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. இலைமறைவில் திரியும் கூட்டத்துப் பறவைகள் ஒன்றுக்கொன்று செய்வதும் அதுதான். குரல் என்றால் பாட்டும் அடங்குமே என்று கேட்பவர்களுக்கு: இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘பறவை ஒலி’ இருக்கிறது. பாட்டு, குரல், இரண்டும் சேர்ந்து ஒலி. எங்கும் இடிக்காது.

சொல்லுக்குச் சொல் வைக்கும் பழக்கம் இங்கே மட்டும் தொல்லை தருவதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பறந்துகொண்டே எழுப்பும் குரல் ‘பறக்கும் அழைப்பு’ ஆகிவிட்டது. பறப்பது பறவையா அழைப்பா? குஞ்சு வாயைப் பிளந்து இரை கேட்டுக் கத்துவதை ‘இரத்தல் அழைப்பு’ என்கிறார்கள்; ‘இரை கேட்கும் குரல்’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். பாடிப் பழகும் இளம் பறவை தனக்குள் மெதுவாக இழுத்துப் பார்ப்பதை ‘துணைப் பாடல்’ என்று எழுதுவது இன்னும் மோசம். யாருக்குத் துணை? ‘முணுமுணுப்புப் பாட்டு’ என்று எழுதலாம். அகராதியைத் திறக்குமுன் அந்த ஒலிப்பதிவை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டிருந்தால் அந்தச் சொல் தானாகவே வந்திருக்கும்.