இருபதா, அறுபதா?

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு எங்கள் ஊர் ஹாம் ரேடியோக் கழகத்தின் ‘நெட்’ தொடங்கும். ஹாம் என்றால் உரிமம் வாங்கி, சொந்த செட்டில் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற ரேடியோ. ஒரே அலைவரிசையில் எல்லோரும் கூடுவோம். ஒருவர் கால் சைன்களை, அதாவது ஒவ்வொருவருக்கும் உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறிகளை, வரிசையாகக் கூப்பிட, மற்றவர்கள் ஆஜர் சொல்வார்கள். “சிக்னல் ஐந்துக்கு ஒன்பது. இங்கே லேசான தூறல். இன்றைக்கு பேட்டரியில்தான் ஓடுகிறேன்.” பேச்சு அவ்வளவுதான். ஐந்துக்கு ஒன்பது என்றால் தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று அர்த்தம். புதிதாகக் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். என் வீட்டில் இதற்கு ‘ரேடியோ பஜனை’ என்று பெயர்.

டெல்டாவில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துவது என் பிழைப்பு. ஹாம் உரிமம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும், டிவியில் புயல் படம் சுழலத் தொடங்கியதும் யாராவது போனில் கேட்பார்கள்: “சார், ஆன்லைனில் ரெண்டாயிரத்துக்கு வாக்கி டாக்கி கிடைக்குதே, ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமா?” வேண்டாம் என்பேன். ஏன் என்று போனில் சொல்லி முடிப்பதற்குள் மழை வந்துவிடுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை இந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செல்போன் கோபுரம் சாயாமல் நின்றாலும் கரண்ட் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், அடுத்த கோபுரத்தோடு இணைப்பு வேண்டும். ஒன்று அறுந்தால் எல்லாம் ஊமை. ஹாமுக்கு இந்தப் பக்கம் ஒரு செட், ஒரு கம்பி, ஒரு பேட்டரி. அந்தப் பக்கமும் அதேதான். நடுவில் யாரும் கிடையாது.

ஆனால் அந்த ரெண்டாயிரம் ரூபாய் செட் ஐந்து வாட்தான். தரையில் நின்று பேசினால் நம் சமவெளியில் சில கிலோமீட்டர் போகும், அப்புறம் இரைச்சல். சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் தூரம் கூடும்தான், ஆனால் அதுவும் கரண்டை நம்பி உயரத்தில் நிற்கிற ஒரு பெட்டி. வேதாரண்யத்திலிருந்து திருச்சிக்குப் பேச 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலைதான் வழி. அதற்கு வேண்டியது பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு துண்டு ஒயர். நடுவை ஒரு மூங்கிலில் ஐந்து மீட்டர் உயரத்தில் தூக்கி, முனைகளைப் பூவரசிலோ முருங்கையிலோ கட்டிவிட்டால் போதும். “இன்னும் மேலே கட்டலாமே சார்” என்பார்கள் பையன்கள். தாழ்வாகக் கட்டினால்தான் அலை நேராக மேலே போய், வானத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, குடை விரித்த மாதிரி முந்நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். பொழுது சாய்ந்தால் இந்தக் குடை மடங்கிவிடும், அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாற வேண்டும், ஒயரும் இரட்டிப்பு நீளம். இதையெல்லாம் புயலன்று மழையில் நின்று கற்றுக்கொள்ள முடியாது.

பேட்டரி கதை ஒன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு புயல் கால ஒத்திகை. என் பேட்டரி மீட்டரில் 12.6 வோல்ட் காட்டியது, திருப்தியாகக் கிளம்பினேன். மைக்கை அழுத்திய நொடியில் பத்துக்கு இறங்கி, செட் அணைந்தது. நூறு வாட் செட் பேசும்போது இருபது ஆம்பியர் இழுக்கும். கிழட்டு பேட்டரி சும்மா இருக்கிறவரை இளமையாகத்தான் தெரியும். பக்கத்தில் இருந்தவர், “பவரைக் குறை” என்று இருபத்தைந்து வாட்டுக்குத் திருப்பிவிட்டார். கேட்ட பக்கத்தில் சிக்னல் மீட்டர் ஒரே ஒரு கோடு இறங்கியதாம். அன்றிலிருந்து நெட்டில் வாரம் ஒருவராவது பேட்டரியில் மட்டுமே பேச வேண்டும் என்பது எங்கள் கழகத்தில் வழக்கம்.

அதே ஒத்திகையில் இன்னொரு கோளாறு. ‘தார்ப்பாய் அறுபது’ என்று போன செய்தி ‘இருபது’ ஆக எழுதப்பட்டிருந்தது. இரைச்சலில் சொல்லிப் பாருங்கள், இருபதும் அறுபதும் ஒன்றாகத்தான் விழும். நிஜப் புயலாக இருந்திருந்தால் நாற்பது வீட்டுக்குக் கூரை போயிருக்கும். இப்போது எண்களைத் தனித்தனியாகத்தான் சொல்கிறோம்: “ஆறு, சைபர்.” எழுதியவர் திரும்ப வாசிக்க வேண்டும், அனுப்பியவர் “சரி” என்ற பிறகே அடுத்த வரி. ஊர்ப் பெயரிலும் இதே தொல்லை. கோடியக்கரையும் கோடியக்காடும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கடைசி அசையை இரைச்சல் தின்றுவிட்டால் லாரி எங்கே போகும்? அதனால், “கோடியக்கரை, கரை, கடற்கரை” என்று இழுத்துச் சொல்வோம். மருந்துப் பெயர் என்றால் ஆங்கில எழுத்து எழுத்தாக. பஜனை என்று வீட்டில் சிரிக்கிறார்களே, அதில் வாராவாரம் நடப்பது இந்தப் பயிற்சிதான்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனது மீட்புப் பணிக்காக அல்ல. அந்தமானிலிருந்து அதுவரை பல வருஷங்களாக ஹாம் ஒலிபரப்பே இல்லை. அனுமதி வாங்கி, உலகம் முழுக்கத் தொடர்புகொள்ளும் ஆசையில் போயிருந்தார்கள். 26ஆம் தேதி காலை பூமி ஆடியது. தீவுகளின் தொலைபேசி செத்த நேரத்தில் ஆன்டெனா ஏற்கெனவே மேலே இருந்தது, ஆட்கள் செட் முன்னால் இருந்தார்கள். பொழுதுபோக்குக்காகக் கட்டிய நிலையம் உறவினரைத் தேடுபவர்களுக்குச் செய்தி கொண்டுபோனது. புயலும் சுனாமியும் மட்டும்தான் என்றும் இல்லை. கங்காசாகர் மேளாக் கூட்டத்தில் தொலைந்துபோகும் முதியவர்களை வீடு சேர்ப்பதை மேற்கு வங்க ரேடியோ கிளப் வருஷாவருஷம் செய்கிறது.

உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் இந்த செட்டை வைத்திருப்பதே குற்றம். விற்பவர் கேட்கவில்லை என்பது சாக்காகாது. விவரம் தெரியாமல் பொத்தானை அழுத்தினால் போலீஸ் அலைவரிசையில் போய் விழவும் வாய்ப்புண்டு. பன்னிரண்டு வயதானால் தேர்வு எழுதலாம். மின்னணு அடிப்படையும் விதிகளும் கேட்பார்கள். மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) வேண்டாம் என்றால் ‘ரெஸ்ட்ரிக்டட்’ கிரேடு, கால் சைன் வி.யூ.3 என்று தொடங்கும். நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை மோர்ஸ் தேறினால் ‘ஜெனரல்’, வி.யூ.2. உரிமம் கைக்கு வரச் சில மாதங்கள் பிடிக்கும், பொறுமை வேண்டும். ஹாமில் வியாபாரம், அரசியல், பாட்டு எதுவும் கூடாது. அடுத்தவர் செய்தியைக் கொண்டுபோவதும் பேரிடர் போன்ற நேரத்துக்கு மட்டும்.

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு அரசு அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் செட் வைத்துப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மரியாதையான மனிதர்கள், டீ கொடுத்தார்கள். மேசை தயார், நாற்காலி தயார், ஆன்டெனா கேபிள் உள்ளே வர வழிதான் இல்லை. ஜன்னலைத் திறந்து இழுத்தோம். “மழை பெய்தால்?” என்று அங்கிருந்த அம்மா கேட்டார். சுவரில் அரை அங்குல ஓட்டை ஒன்று போட்டுத் தாருங்கள் என்று அன்றே எழுதிக் கொடுத்தோம். ஃபைல் இன்னும் சுற்றுகிறது. டிரில் மெஷின் என் பையிலேயே இருக்கிறது.